வளர்ந்த பிறகு இயற்கணிதம்: காணொளிகளைக் கொண்டு கடினமான பகுதிகளைக் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

முக்கூடலில் பீடி சுற்றிக்கொண்டே பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதத் தயாராகி வந்த ஒரு பெண்மணி, இரண்டு மாதம் விடாமல் கணிதக் காணொளிகளைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து சொன்னார்: “அண்ணாச்சி, பாக்கும்போது எல்லாம் புரியுது. நோட்டைத் தொறந்தா ஒண்ணும் வரமாட்டேங்கு.” வயது வந்த பிறகு இயற்கணிதம் படிக்க உட்காரும் அத்தனை பேரும் ஏதோ ஒரு சொல்லில் இதைத்தான் சொல்கிறார்கள். அவருடைய அறிவிலோ உழைப்பிலோ குறையில்லை. காணொளியில் ஆசிரியரின் கை ஓடுகிறது, நம் கண் அதைப் பின்தொடர்கிறது, கண்ணுக்குப் பழகிப்போனதைக் கைக்கும் தெரிந்துவிட்டதாக மனம் கணக்கு வைத்துக்கொள்கிறது. அடுத்தவர் நீந்துவதைச் சுலோசன முதலியார் பாலத்தில் நின்று பார்த்தவன், தாமிரபரணியில் இறங்கியதும் தண்ணீர் குடிப்பது போலத்தான் இது.

பாளையங்கோட்டையில் வேலைக்குச் செல்பவர்களுக்கு மாலை நேரத்தில் கணிதம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நானே முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் இயற்கணிதத்தை ஒழுங்காகப் படித்தேன். அதில் பெரும்பகுதி கைப்பேசித் திரையில்தான் நடந்தது. அந்த அனுபவத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: பென்சில் முன்னே போக வேண்டும், காணொளி பின்னே வர வேண்டும். கீழே வரும் படிகள் யாவும் அந்த வரிசையைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுகளே.

எழுத்தைப் பற்றி முதலில் ஒரு சொல்

பாடநூல்களிலும் காணொளிகளிலும் தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்ற எழுத்து வரும். இக்கட்டுரையில் நான் அதற்குப் பதிலாக ‘ம’ என்று எழுதுகிறேன். பழைய தமிழ் எண்களில் ‘க’ ஒன்றையும் ‘ச’ நான்கையும் குறிப்பதால், குழப்பம் வேண்டாம் என்று மாறி என்பதன் முதலெழுத்தை எடுத்துக்கொண்டேன். எழுத்தை மாற்றினாலும் கணக்கு மாறாது என்பதை மனம் ஒப்புக்கொள்வதே இயற்கணிதத்தின் முதல் பாடம். இலங்கையில் இந்தப் பாடத்துக்கு அட்சரகணிதம் என்றே பெயர். 628-ஆம் ஆண்டில் எழுதிய கணித அறிஞர் பிரம்மகுப்தரோ தெரியாத எண்களுக்குக் கருப்பு, நீலம் என்று நிறங்களின் பெயர்களை வைத்தார். ஆகவே எக்ஸ் என்ற எழுத்தைக் கண்டால் வயிற்றைப் பிசைகிறது என்பவர்கள், முதல் இரண்டு வாரம் காணொளியில் வரும் கணக்கைத் தங்களுக்குப் பிடித்த எழுத்தில் மாற்றி எழுதிப் பாருங்கள். பயம் எழுத்தின் மேல்தானா, கணக்கின் மேலா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

முதல் படி: இழை எங்கே அறுந்தது என்று பாருங்கள்

காணொளியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, யாருடைய உதவியும் இல்லாமல் ஐந்து கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். ஒன்று, −3 − (−5) எவ்வளவு? இரண்டு, 2/3 − 3/4 எவ்வளவு? மூன்று, 5 − 2(ம − 3) என்பதைச் சுருக்குக. நான்கு, (ம + 4)² என்பதை விரித்தெழுதுக. ஐந்து, (ம + 6)/6 என்பதில் மேலும் கீழும் உள்ள ஆறை அடிக்கலாமா?

விடைகள்: 2, −1/12, 11 − 2ம, ம² + 8ம + 16, அடிக்கக் கூடாது. மூன்றாவதில் −2ம − 1 என்று வந்திருந்தால், அடைப்புக்குள் இருக்கும் குறை எண்ணை வெளியிலுள்ள குறை எண்ணால் பெருக்கும்போது குறி மாறுவதைத் தவறவிட்டிருக்கிறீர்கள். நான்காவதில் ம² + 16 என்று எழுதியிருந்தால் கவலைப்பட வேண்டாம், என்னிடம் வருபவர்களில் பாதிப்பேருக்கு மேல் அப்படித்தான் எழுதுகிறார்கள். ம-வுக்கு 1 என்று போட்டுப் பாருங்கள்: இடப்பக்கம் 5-இன் வர்க்கம் 25, நீங்கள் எழுதியது 17. இப்படி ஒரு சிறிய எண்ணைப் போட்டுத் தன் வரியைத் தானே சோதிக்கும் பழக்கம், ஆசிரியர் அருகில் இல்லாமல் படிப்பவருக்கு ஊன்றுகோல். ஐந்தாவதுக்கும் அதே வழிதான். ம-வுக்கு 6 என்றால் 12/6, அதாவது 2. ஆறை அடித்தால் 6 என்றோ 7 என்றோ வரும்.

முதல் இரண்டில் தவறியவர்கள், ம² வரும் இருபடிச் சமன்பாட்டுக் காணொளிகளை இப்போதைக்குத் தள்ளிவைத்துவிட்டு, குறை எண்களுக்கும் பின்னங்களுக்கும் பத்து நாள் ஒதுக்குவது நல்லது. சிறு பிள்ளைகளின் பாடத்தைப் பார்ப்பதற்கு வெட்கப்படுகிறவர்கள் உண்டு. வீட்டில் தனியாகத்தான் பார்க்கப் போகிறீர்கள், யாரும் கேட்கப் போவதில்லை. இயற்கணிதம் கடினம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இயற்கணிதமே இல்லை, அதற்கு அடியில் கிடக்கும் ஆறாம், ஏழாம் வகுப்புப் பின்னம்தான்.

இரண்டாம் படி: ஒரு புத்தகத்தைத் தண்டுவடமாக வைத்துக்கொள்ளுங்கள்

யூடியூப் தன் போக்கில் அடுத்தடுத்துக் காட்டும் வரிசை, கணிதத்தின் வரிசை அன்று. இன்று அசமன்பாடு, நாளை அணிகள், மறுநாள் ‘மூன்றே நொடியில் விடை’ என்று அது இழுத்துக்கொண்டு போகும். ஆகவே எந்தப் பாடத்துக்குப் பின் எந்தப் பாடம் என்பதைப் புத்தகம் தீர்மானிக்கட்டும், புரியாத இடத்தை விளக்குவது மட்டும் காணொளியின் வேலையாக இருக்கட்டும்.

தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணித நூல்கள் இதற்குப் போதும். இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் பல்லுறுப்புக் கோவைகள், மீதித் தேற்றம், காரணித் தேற்றம், ஒருங்கமை சமன்பாடுகள் என்று அடித்தளம் போட்டு, பத்தாம் வகுப்பில் மூன்று மாறிகளைக் கொண்ட சமன்பாடுகள், விகிதமுறு கோவைகள், இருபடிச் சமன்பாடுகள், அணிகள் என்று ஏறுகிறார்கள். 2018-இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தின் நூல்களில் விரைவுக் குறியீடுகள் (கியூஆர் கோடு) அச்சிடப்பட்டிருக்கின்றன. கைப்பேசியில் திக்‌ஷா செயலியைத் திறந்து அந்தக் கட்டத்தைக் காட்டினால் அந்தப் பகுதிக்குரிய பாடங்கள் வரும். 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் யூடியூபில் இருக்கின்றன. இவை பாடநூலோடு ஒட்டிப் போவதால், எந்தப் பயிற்சி எண்ணில் நிற்கிறோம் என்ற தடுமாற்றம் இருக்காது. விளக்கம் எல்லா இடத்திலும் ஆழமாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆழத்துக்கு வேறு ஆசிரியர் வேண்டும்.

மூன்றாம் படி: ஆசிரியரைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு பாடத்துக்கு இரண்டு ஆசிரியர்கள் போதும்: ஒருவர் தொடர்ந்து கேட்பதற்கு, மற்றவர் முதல்வரின் விளக்கம் பிடிபடாதபோது போய்க் கேட்பதற்கு. ஐந்தாறு பேரை வைத்துக்கொண்டால் ஒவ்வொருவரின் குறியீட்டுக்கும் பழகுவதிலேயே மாதம் போய்விடும்.

ஓர் ஆசிரியரை எடைபோட நான் ஒரு சிறிய சோதனை வைத்திருக்கிறேன். அவர் 3ம + 5 = 20 போன்ற எளிய சமன்பாட்டை எப்படித் தீர்க்கிறார் என்று முதலில் பாருங்கள். நம் ஊர்ப் பள்ளிகளில் படித்த எல்லோருக்கும் ஒரு மந்திரம் தெரியும்: அந்தப் பக்கம் கொண்டு போனால் குறி மாறும். அதைச் சொல்லி 5-ஐ வலப்பக்கம் கொண்டுபோய் 3ம = 15 என்று எழுதிவிடலாம், தவறில்லை. ஆனால் −3ம = 15 என்ற சமன்பாட்டை அந்த மந்திரத்தோடு மட்டும் அணுகுகிறவர், பக்கம் மாறினால் குறி மாற வேண்டுமே என்று −3-ஐ 3 ஆக்கி ம = 5 என்று எழுதிவிடுகிறார். சரியான விடை −5. சமன்பாட்டில் எதுவும் பக்கம் தாவுவதில்லை. முதல் கணக்கில் இரு பக்கத்திலும் 5-ஐக் கழிக்கிறோம், இரண்டாவதில் இரு பக்கத்தையும் −3-ஆல் வகுக்கிறோம். இதை வாய்விட்டுச் சொல்லும் ஆசிரியர் உங்களுக்கு உதவுவார். மந்திரத்தை மட்டும் சொல்லிவிட்டு விடைக்கு ஓடுபவர் பேச்சில் எவ்வளவு இனியவராக இருந்தாலும், கடினமான பாடத்தில் உங்களை நட்டாற்றில் விட்டுவிடுவார். தராசை உவமையாகக் காட்டும் காணொளிகள் நிறைய இருக்கின்றன; அல்வாக் கடைத் தராசைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது எளிதில் விளங்கும். ஆனாலும் குறை எண் வந்தவுடன் தட்டில் எதை வைப்பது என்று உவமை திணறும், அந்த இடத்தில் அதைக் கீழே வைத்துவிட வேண்டும்.

கையால் எழுதிக்கொண்டே பேசுபவரைத் தேடுங்கள். அச்சிட்ட பக்கத்தைக் காட்டிப் படிப்பவரைத் தவிருங்கள். கான் அகாடமியை நிறுவிய சல்மான் கான் 2004-இல் தொலைவிலிருந்த உறவுப் பெண்ணுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, 2006-இல் யூடியூபில் ஏற்றிய பாடங்களில் அவர் முகம் தெரியாது. கருந்திரையில் எழுத்து மட்டும் வளரும். 2014-இல் பிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் எடெக்ஸ் என்ற இணையக் கல்வித் தளப் பாடங்களின் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்தபோது, இப்படி எழுதிக்கொண்டே போகும் பாடங்கள் மாணவரை அதிக நேரம் பிடித்துவைப்பதையும், காணொளி எவ்வளவு நீளமானாலும் பெரும்பாலோர் கவனம் சுமார் ஆறு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை என்பதையும் கண்டார்கள். பார்ப்பது வேறு, கற்பது வேறு என்பதால் இதை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் நாற்பது நிமிடப் பாடத்தை ஆறேழு நிமிடத் துண்டுகளாக்கிப் பார்க்கலாம் என்பதற்கு இது நல்ல ஆதாரம்.

தேடும் சொல்லிலும் சூட்சுமம் உண்டு. ‘இருபடிச் சமன்பாடு’ என்று தமிழில் தேடினால் ஒரு கூட்டமும், ‘குவாட்ராட்டிக் ஈக்குவேஷன்’ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் இட்டு அதன் பின்னால் தமிழ் என்று சேர்த்துத் தேடினால் வேறொரு கூட்டமும் வரும். பின்னதில் விளக்கம் தமிழிலும் கலைச்சொற்கள் ஆங்கிலத்திலும் இருக்கும். இலங்கை ஆசிரியர்களின் பாடங்களும் இடையே வரும். அவர்கள் அணியைத் தாயம் என்பார்கள், அடுக்கைச் சுட்டி என்பார்கள். கெழு, மாறிலி, உறுப்பு, படி, மூலம், தன்மைகாட்டி, சார்பு, மடக்கை ஆகிய சொற்களுக்கு நேரே அவற்றின் ஆங்கிலப் பெயரையும் ஒரு பக்கத்தில் எழுதி நோட்டின் உள்ளட்டையில் ஒட்டிவிடுங்கள். தமிழ்வழியில் படித்துவிட்டு இப்போது டிப்ளமா வகுப்பில் ஆங்கிலத்தில் கேட்க வேண்டியிருப்பவர்களுக்குப் பாதிச் சுமை அந்த ஒரு பக்கத்தில் இறங்கிவிடும்.

நான்காம் படி: கைப்பேசியைப் பாடத்துக்கு ஏற்றபடி அமையுங்கள்

இதில் நீட்டிச் சொல்ல அதிகமில்லை. டேட்டா தீர்ந்துவிடுமே என்று படத்தின் தரத்தை 144-க்குக் குறைத்துவிட்டால் வர்க்கமும் கனமும் ஒன்று போலத் தெரியும், குறைக் குறி மறைந்தே போகும். 360-க்குக் கீழே இறங்காதீர்கள், எழுத்து பொடியாக இருந்தால் 480 வையுங்கள். மலையடிவாரத்தில் சிக்னல் விட்டு விட்டு வரும் இடங்களில் இருப்பவர்களும், மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிற்கும் நாளில் விடுப்பு எடுத்துப் படிப்பவர்களும் முந்தின இரவே பாடத்தைச் செயலிக்குள் பதிவிறக்கிக்கொள்ளலாம். வேகத்தை முதல் முறை 0.75-இல் வைத்துக் கேட்பதில் இழுக்கில்லை. திருப்பிப் பார்க்கும்போது 1.25 வைத்துக்கொள்ளலாம். திரையின் இடப்பக்கம் இருமுறை தட்டினால் 10 நொடி பின்னால் போகும். குறி எங்கே மாறியது என்று தேட இதைவிட உதவுவது வேறில்லை. தானியங்கித் தமிழ் எழுத்துரைகளை மட்டும் நம்ப வேண்டாம், சமன்பாடுகளை அவை கண்டபடி சிதைக்கும். வாட்ஸ்ஆப் ஒலியை அணைத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: ஒரு நாள் அமர்வு எப்படி இருக்க வேண்டும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

புத்தகத்தில் அன்றைக்கு எடுத்த பகுதியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைத் தேர்ந்து, விடையை ஒரு தாளால் மறைத்துவிட்டு, பத்து நிமிடம் நீங்களே முயலுங்கள். வராது. வராமல் இருப்பதுதான் வேண்டும். எந்த வரியில் நின்றீர்கள் என்பதற்கு அருகே ஒரு புள்ளி வையுங்கள், அந்தப் புள்ளிதான் நீங்கள் காணொளியிடம் கேட்கப்போகும் கேள்வி. கேள்வியோடு போகிறவன் காதும் வெறுமனே போகிறவன் காதும் ஒன்றன்று.

பிறகு காணொளியைத் திறந்து, ஆசிரியர் கணக்கை எழுதி முடித்ததும் நிறுத்துங்கள். அவருடைய அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று நோட்டில் எழுதிய பிறகே ஓடவிடுங்கள். அவர் எழுதியதும் உங்களுடையதும் ஒன்றாக இருந்தால் அடுத்த வரிக்கும் அதையே செய்யுங்கள். வேறாக இருந்தால் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். இரண்டும் ஒரே பொருளைத் தருகின்றனவா என்று ஓர் எண்ணைப் போட்டுப் பாருங்கள், சில சமயம் உங்களுடையது வேறு பாதையில் போகும் சரியான வரியாகவே இருக்கும். இப்படிப் பார்த்தால் ஆறு நிமிடக் காணொளிக்கு அரை மணி நேரம் ஆகும். அதுதான் அதன் உண்மையான நீளம்.

முடிந்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதே கணக்கை வெற்றுத்தாளில் முதலிலிருந்து எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘ஏன்’ என்று ஒரு சிறு சொற்றொடர் இருக்கட்டும்: இரு பக்கத்திலும் 5 கழித்தேன், பொதுக் காரணி எடுத்தேன் என்பது போல. காரணம் எழுத முடியாத வரி, மனப்பாடம் செய்த வரி. அதற்காக மட்டும் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். கடைசியாகப் புத்தகத்திலிருந்து எண்கள் மட்டும் மாறிய ஒரு கணக்கையும், சற்றே வடிவம் மாறிய ஒரு கணக்கையும் போட்டுவிட்டு எழுந்துவிடலாம்.

கடினமான இடங்கள்: பத்தமடைப் பாயும் இருபடிச் சமன்பாடும்

இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வர்க்கப் பூர்த்தி முறையில்தான் பலர் கைவிடுகிறார்கள். ‘ம-வின் கெழுவில் (ம-வைப் பெருக்கும் எண்ணில்) பாதியை எடுத்து, வர்க்கப்படுத்தி, இரு பக்கமும் கூட்டு’ என்று ஆசிரியர் சொன்னதும், ஏன் பாதி, ஏன் வர்க்கம் என்று கேட்க வழியில்லாமல் தலையாட்டிவிடுகிறோம். காணொளிக்கு முன் ஒரு செய்தித்தாளை வெட்டிப் பாருங்கள்.

ஒரு பாயின் நீளம் அகலத்தைவிட 2 அடி அதிகம், பரப்பு 24 சதுர அடி என்று வைப்போம். அகலம் ம என்றால் நீளம் ம + 2, ஆகவே ம² + 2ம = 24. இந்தப் பாயை, ம பக்கமுள்ள ஒரு சதுரமும் அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் 2 அடி அகலத் துண்டும் என்று பாருங்கள். நமக்குச் சதுரம் வேண்டும், சதுரமாகிவிட்டால் வர்க்கமூலம் எடுத்துவிடலாம். அந்தத் துண்டை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை அங்கேயே விட்டு, மறு பாதியைச் சதுரத்தின் கீழ்ப்பக்கம் ஒட்டுங்கள். பாதி எடுப்பது இதற்காகத்தான். இப்போது ஏறக்குறைய ஒரு பெரிய சதுரம் வந்துவிட்டது, ஆனால் மூலையில் 1 அடிக்கு 1 அடி ஓட்டை. அந்த ஓட்டையை அடைக்கும் துண்டுதான் ‘பாதியின் வர்க்கம்’. அதைச் சேர்த்தால் (ம + 1)² = 25, ம + 1 = 5, ம = 4. நான்குக்கு ஆறு பாய். வர்க்கமூலம் −5 என்றும் இருக்கலாம், அப்போது ம = −6; சமன்பாட்டுக்கு அதுவும் விடைதான், பாய் நெய்பவருக்கு மட்டும் உதவாது.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் எழுதிய கணித அறிஞர் அல்-குவாரிசுமி, ம² + 10ம = 39 என்ற கணக்கை இப்படிச் சதுரம் வரைந்துதான் விளக்கினார். அதையும் தாளில் வெட்டிப் பாருங்கள்: பாதி 5, ஓட்டை 25, மொத்தம் 64, ம = 3. இரண்டு கணக்கையும் வெட்டிய பிறகு, வர்க்கப் பூர்த்தி பற்றிய எந்தக் காணொளியை வேண்டுமானாலும் திறங்கள். ஆசிரியர் ‘பாதி’ என்று சொல்லும்போது உங்கள் கண்ணில் கத்தரிக்கோல் தெரியும்.

முதல் உறுப்பின் கெழு 1 இல்லாதபோது பின்னங்கள் குவிந்து கணக்கு நாறிப்போகும். அதற்கு இந்தியக் கணித அறிஞர் சிரீதரரின் பழைய வழி ஒன்று உண்டு. 1150-இல் பாஸ்கரர் அதை அவர் பெயரைச் சொல்லியே எடுத்தாள்கிறார். முதல் கெழுவின் நான்கு மடங்கால் எல்லாவற்றையும் பெருக்கி, நடுக் கெழுவின் வர்க்கத்தைக் கூட்ட வேண்டும். 3ம² + 5ம = 2 என்பதை 12-ஆல் பெருக்கினால் 36ம² + 60ம = 24. இரு பக்கமும் 25 கூட்டினால் (6ம + 5)² = 49. 6ம + 5 என்பது 7 அல்லது −7, ஆகவே ம = 1/3 அல்லது −2. ஒரு பின்னம்கூடக் கடைசி வரிக்கு முன் வரவில்லை. எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைப் போட்டு இதையே செய்தால், பள்ளியில் நெட்டுருப் போட்ட அந்த நீளமான சூத்திரம் தானாக வந்து நிற்கும். சூத்திரத்தை வருவித்துக் காட்டும் காணொளியைப் பார்க்க ஏற்ற நேரம் அதுவே. அதற்கு முன் பார்த்தால் அது வெறும் எழுத்துக் கூட்டம்.

ஒன்று மற்றதைவிடப் பெரிது, சிறிது என்று சொல்லும் அசமன்பாடுகளில் சிக்கல் ஒரே இடத்தில் இருக்கிறது: குறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறி ஏன் திரும்புகிறது? 3-ஐவிட 5 பெரிது. இரண்டையும் கடனாக்குங்கள், 5 ரூபாய் கடன்காரன் 3 ரூபாய் கடன்காரனைவிடக் கீழே நிற்கிறான். −2ம < 6 என்றால் ம > −3. சந்தேகம் வந்தால் ம-வுக்கு 0 போட்டுப் பாருங்கள், முதல் வரியும் கடைசி வரியும் இரண்டுமே உண்மையாக இருக்க வேண்டும்.

வர்க்கமூலம் உள்ள சமன்பாடுகளில் இன்னொரு பொறி. √(ம + 6) = ம என்பதை இரு பக்கமும் வர்க்கப்படுத்தினால் ம² − ம − 6 = 0, அதிலிருந்து ம = 3 அல்லது −2. ஆனால் −2-ஐ மூலச் சமன்பாட்டில் போட்டால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் −2. வர்க்கப்படுத்தும்போது குறி அழிந்துவிடுவதால் இந்த ஒட்டுண்ணி விடை உள்ளே நுழைகிறது. விரைவாக விடை சொல்லும் காணொளிகள் பல இந்தச் சரிபார்ப்பைத் தாண்டிப் போய்விடுகின்றன. உங்கள் ஆசிரியர் தாண்டுகிறாரா என்று கவனியுங்கள்.

சார்பு என்ற கருத்துக்கு நடத்துநர் கையிலுள்ள டிக்கெட் இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சந்திப்பிலிருந்து கிளம்பும் பேருந்தில் இறங்கும் நிறுத்தத்தைச் சொன்னால் ஒரு கட்டணம் வரும். ஒரே நிறுத்தத்துக்கு இரண்டு கட்டணம் வந்தால் சண்டைதான், ஆகவே அது சார்பு அன்று. அடுத்தடுத்த இரண்டு நிறுத்தங்களுக்கு ஒரே கட்டணம் இருக்கலாம், அதில் தவறில்லை. சொல்லத்தக்க நிறுத்தங்களின் பட்டியல் சார்பகம், உண்மையில் வெளிவரும் கட்டணங்களின் பட்டியல் வீச்சகம். சார்பின் பெயருக்குப் பக்கத்திலுள்ள அடைப்புக்குறி பெருக்கலைக் குறிப்பதன்று என்பதை மட்டும் இதோடு சேர்த்து நினைவில் வையுங்கள்.

வாக்கியக் கணக்குகளுக்கோ காணொளி அவ்வளவாக உதவாது. மூன்று பரோட்டாவும் இரண்டு ஆம்லெட்டும் 85 ரூபாய், ஐந்து பரோட்டாவும் ஓர் ஆம்லெட்டும் 95 ரூபாய் என்றால் விலை என்ன என்பதில் தீர்ப்பது எளிது. பரோட்டா 15, ஆம்லெட் 20. கடினம், வாக்கியத்தைச் சமன்பாடாக்குவதில் இருக்கிறது, அதை ஆசிரியர் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்து முடித்துவிடுகிறார். ஆகவே இவ்வகைக் கணக்குகளில் முதல் வாரம் தீர்க்கவே வேண்டாம். ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியங்களைச் சமன்பாடாக மட்டும் எழுதி, காணொளியில் அந்த ஒரு வரியை மட்டும் ஒப்பிட்டுவிட்டு மூடிவிடுங்கள்.

ஆறாம் படி: மறப்பதற்கு இடம் கொடுத்துத் திரும்ப வாருங்கள்

இன்று போட்ட கணக்கை நாளை ஒருமுறையும், நான்காம் நாள் ஒருமுறையும், இரண்டு வாரம் கழித்து ஒருமுறையும் காணொளியைத் தொடாமல் போடுங்கள். 2006-இல் ரோடிகரும் கார்பிக்கேவும் செய்த ஆய்வில், ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். பத்துக் காரணிப்படுத்தல் கணக்குகளை வரிசையாகப் போடுவதைக் காட்டிலும், காரணிப்படுத்தல், அசமன்பாடு, ஒருங்கமை சமன்பாடு என்று கலந்து போடுவது தொல்லையாக இருந்தாலும் பலன் தரும். தேர்வில் எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று யாரும் தலைப்பிட்டுத் தருவதில்லை.

தவறுகளுக்கென்று தனி நோட்டு ஒன்று வையுங்கள். தேதி, தவறான வரி, சரியான வரி, காரணம் என்று நான்கு குறிப்புகள் போதும். என் நோட்டில் முதல் 60 தவறுகளில் பாதிக்கு மேல் அடைப்புக்கு முன்னால் நின்ற குறைக் குறியால் வந்தவை. அதை எண்ணிப் பார்த்த பிறகுதான் ஒரு வாரம் அதற்கே ஒதுக்கினேன்.

ஏழாம் படி: மனிதர்களிடமும் போங்கள்

காணொளியிடம் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. வீட்டிலோ தெருவிலோ பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால், அதனிடம் பாடம் கேட்பதைவிட, நீங்கள் அதற்குப் பாடம் சொல்லுங்கள். அது குறுக்கே கேட்கும் கேள்வியில் உங்கள் ஓட்டைகள் தெரிந்துவிடும். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களோடு ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். வட்டி, விகிதம் என்று அவர்கள் போடும் திறனறிக் கணக்குகள் பலவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே ஒரு மாறி கொண்ட சமன்பாடு. நாலைந்து பேர் சேர்ந்து வாட்ஸ்ஆப் குழு வைத்தால், விடையை அனுப்பாமல் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பும் வழக்கத்தை வையுங்கள். விடையைச் சரிபார்க்க ஜியோஜீப்ரா என்ற கணிதச் செயலி போதும்: சமன்பாட்டை இட்டால் வளைகோடு கிடைமட்ட அச்சை எங்கே வெட்டுகிறது என்று காட்டும், பாடநூலின் இணையச் செயல்பாடுகள் பலவும் அதில்தான் அமைந்துள்ளன.

எவ்வளவு நாளில் முடியும்?

நாளுக்கு முக்கால் மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று உட்கார்ந்தால், ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்துக்கு மூன்று மாதமும் பத்தாம் வகுப்புக்கு நான்கு மாதமும் என்று நான் கணக்கு வைக்கிறேன். பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்றாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு வைகாசி முதல் ஆவணி வரை காற்றுக் காலத்தில் மூச்சுவிட நேரமிருக்காது; அவர்கள் அந்த மாதங்களில் புதுப் பாடம் எடுக்காமல் பழைய கணக்குகளை மட்டும் வாரம் இருமுறை போட்டு வரட்டும். பீடி சுற்றுபவர்கள் கை வேலையோடு காணொளியைக் காதில் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் அதைப் படிப்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம். முக்கூடல் அம்மாவுக்கு நான் சொன்னது இதுதான்: பகலில் எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள், இரவு கட்டு ஒப்படைத்துவிட்டு வந்ததும் நோட்டைத் திறந்து இரண்டே கணக்கு, காணொளி இல்லாமல்.

ஒரு பகுதிக்குக் காணொளி போதும் என்று எப்போது நிறுத்துவது? முக்கூடல் அம்மாவுக்கே அது ஒருநாள் தெரிந்தது. தொடர்ந்து பார்த்துவந்த ஆசிரியர் ஒருவர், பலகையில் அடைப்பை விரிக்கும்போது கூட்டல் குறி போட வேண்டிய இடத்தில் கழித்தல் குறி போட்டுவிட்டு மேலே பேசிக்கொண்டே போனார். இந்த அம்மா நிறுத்தி, பத்து நொடி பின்னால் தள்ளி, தன் நோட்டில் முன்பே எழுதியிருந்த வரியோடு ஒப்பிட்டுவிட்டு, அது திரையின் பிழைதான் என்று முடிவுசெய்து அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். நான்கு வரி தாண்டி ஆசிரியரும் அதைக் கண்டுபிடித்துத் திருத்தினார். அன்றைக்கே அந்தக் காணொளிப் பட்டியலைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டு, விகிதமுறு கோவைகளைத் தொடங்கச் சொன்னேன்.